தீயும் வெயிலும் பட்ட எஃப்.ஆர்.பி. கம்பி உத்தரங்கள்: அறிகுறி வழியே பழுதறிதல்

இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட் உத்தரம் தீப்பட்டால் எங்கே பார்ப்பது, எதைத் தட்டுவது, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பதெல்லாம் கட்டுமானப் பொறியாளர்களுக்கு நெடுநாள் பழக்கத்தில் கைவந்தவை. அதே பழக்கத்தோடு எஃப்.ஆர்.பி. கம்பி, அதாவது இழைவலுவூட்டிய பாலிமர் கம்பி, இட்ட உத்தரத்தை ஆராயப் போனால் ஆபத்தான உத்தரம் நல்லதாகவும் நல்ல உத்தரம் ஆபத்தானதாகவும் தோன்றக்கூடும். இரும்பு உத்தரத்தில் முதலில் நடுப்பகுதியைப் பார்க்கிறோம், எஃப்.ஆர்.பி. உத்தரத்தில் முதலில் பார்க்க வேண்டியது முனைகளை. இந்த வழிமுறையில் உள்ள பெரும்பாலான அறிவுரைகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

காரணம் கம்பியின் அமைப்பிலேயே இருக்கிறது. கண்ணாடி, கார்பன், அராமிட், பசால்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் இழைகள் கம்பியின் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றை வினைல் எஸ்டர் அல்லது எபாக்ஸி ரெசின் கட்டிப் பிடித்திருக்கிறது. இழுவிசையைத் தாங்குவது இழை. கான்கிரீட்டிலிருந்து அந்த விசையை வாங்கி இழையிடம் ஒப்படைப்பது ரெசின். கண்ணாடியிழை பல நூறு டிகிரி வரை ஓரளவு வலுவோடு இருக்கும், ஆனால் ரெசின் அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைத் தாண்டியதும் ரப்பர் போல இளகிவிடுகிறது. கட்டுமானத்தில் பயன்படும் வினைல் எஸ்டர் கண்ணாடியிழைக் கம்பிகளுக்கு அந்த வெப்பநிலை பெரும்பாலும் 100 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் அமைகிறது, இந்தக் கம்பிகளுக்கான அமெரிக்கத் தரவரையறையான ஏ.எஸ்.டி.எம். டி7957 குறைந்தது 100 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. இரும்புக் கம்பியில் தீப் பாதுகாப்புக்கான கணக்கு 500 டிகிரியை ஒட்டி நடக்கிறது என்பதை இதோடு ஒப்பிட்டால், நாம் பேசும் வரம்பு எவ்வளவு கீழே இறங்கிவிட்டது என்பது புரியும்.

ஊஞ்சல் கயிற்றை நினைத்துக்கொள்ளலாம். கயிற்றின் நடுப்பகுதி எதனோடும் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. விட்டத்தில் போட்ட முடிச்சு நிற்கும் வரை ஊஞ்சல் நிற்கும். எஃப்.ஆர்.பி. உத்தரத்தின் முடிச்சு அதன் இரு முனைகளிலும் தாங்கிக்கு மேலே உள்ள நங்கூரப் பகுதியில் இருக்கிறது.

கருவியை எடுப்பதற்கு முன்

தீ அணைந்துவிட்டது என்பதால் உத்தரத்தின் சோதனை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கான்கிரீட் வெப்பத்தை மெல்லக் கடத்தும் பொருள் என்பதால், மேற்பரப்பு குளிரத் தொடங்கிய பின்னும் வெப்பம் உள்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், 50 மி.மீ. ஆழத்தில் உள்ள கம்பி அதன் உச்ச வெப்பநிலையைத் தீ அணைந்த பிறகே எட்டுவது இயல்பு. இரும்பில் இது பெரும்பாலும் ஒரு சிறு திருத்தமாகவே முடிந்துவிடும், ஆனால் 120 டிகிரியில் ஒட்டுப்பிடிப்பை இழக்கும் கம்பிக்கு அந்தப் பிந்திய ஏற்றமே தீர்ப்பாகிவிடலாம். ஆகவே கட்டடம் முழுதும் ஆறும் வரை உத்தரத்தின் கீழே எவரும் போக வேண்டாம். போக வேண்டிய முதல் ஆள் ஜாக்கி முட்டு கொடுப்பவராக இருக்கட்டும். முட்டு கொடுக்கும்போது உத்தரத்தை மேலே தூக்க முயலக் கூடாது, இருக்கும் நிலையில் தாங்கினால் போதும்; நழுவிய கம்பி தூக்கியதால் பழைய இடத்துக்குத் திரும்பாது, மாறாக மேற்புறத்தில் புதிய விரிசலே உண்டாகும்.

வரைபடங்களில் 4 செய்திகளைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்: கம்பியின் வகையும் உற்பத்தியாளர் தந்த நிலைமாற்ற வெப்பநிலையும், கவர் (கம்பியை மூடிய கான்கிரீட்டின் கனம்) எத்தனை மி.மீ., கம்பிகளை எங்கே ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு இணைத்தார்கள், கம்பி தாங்கியின் உள்ளே எவ்வளவு நீளம் போகிறது. கடைசி இரண்டும் இல்லாமல் ஆய்வைத் தொடங்குவது வீண். வரைபடம் கிடைக்காவிட்டால் காந்தத்தால் இயங்கும் கவர் மீட்டரை நம்பிப் பயனில்லை, ஏனென்றால் கண்ணாடியிழைக் கம்பிக்குக் காந்தத் தன்மை கிடையாது. தரையூடுருவு ரேடாரும் இந்தக் கம்பியை இரும்பைப் போலத் தெளிவாகக் காட்டாது. ஓரிரு இடங்களில் கவனமாகக் கொத்தித் திறந்து பார்ப்பதே உறுதியான வழி.

அறிகுறி: வெளியே எந்தச் சேதமும் தெரியவில்லை

மிக அதிகமாகத் தவறு நேரும் இடம் இதுதான் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். கான்கிரீட் சுமார் 300 டிகிரியைத் தாண்டும்போது இளஞ்சிவப்பு நிறம் கொள்ளும், 600 டிகிரியை ஒட்டி வெளிர்சாம்பலாகும் என்பது பாடநூல் அறிவு. இரும்பு உத்தரத்தில் சிவப்பு நிறம் கம்பியின் ஆழத்தை எட்டவில்லை என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம், ஏனென்றால் சூடாக உருட்டிய இரும்புக் கம்பி சுமார் 600 டிகிரி வரை போய்வந்தாலும் ஆறிய பிறகு தன் வலுவைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். எஃப்.ஆர்.பி. உத்தரத்தில் அந்த நிம்மதிக்கு ஆதாரமே கிடையாது. 200 டிகிரி வரை சூடேறிய கான்கிரீட் நிறத்தில் எந்த மாற்றத்தையும் காட்டாது, அதற்குள் பதிந்த கம்பியின் ரெசினோ முழுவதுமாக இளகிவிட்டிருக்கும். அதோடு, நிறமாற்றம் ஜல்லியில் உள்ள இரும்புச் சேர்மங்களைப் பொறுத்தது; சிலிக்கா மிகுந்த ஆற்றுக் கூழாங்கல்லில் தெளிவாகத் தெரிவது கிரானைட் போன்ற பாறைகளிலிருந்து உடைத்த ஜல்லியில் மங்கலாகவே தெரியும். நம் ஊர்களில் பெரும்பாலும் உடைத்த கருங்கல் ஜல்லிதான் என்பதால் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லும் தீர்ப்பு இங்கே இன்னும் பலவீனமானது.

அப்படியானால் 100 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தை எதைக் கொண்டு அறிவது? எனக்கு மிகவும் பயன்பட்ட சாட்சி கட்டுமானத்தின்போது உள்ளே விட்டுப்போன பிளாஸ்டிக் பொருட்கள். எஃப்.ஆர்.பி. கம்பிகளைக் கட்டப் பல தளங்களில் கட்டுக்கம்பிக்குப் பதிலாக நைலான் டை பயன்படுத்துகிறார்கள். கவர் கனம் மாறாதபடி கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கும் பிளாஸ்டிக்கில் வருகிறது. உயரடர்த்தி பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியிலும், பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரியிலும், நைலான் 6 சுமார் 220 டிகிரியிலும் உருகும். கம்பி மட்டத்தில் ஒரு சிறு துளை திறந்து, கவர் பிளாக்கின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, வழிந்து உருண்டிருக்கிறதா, டையின் பல்வரிசை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால், அந்த இடம் எந்த வெப்ப எல்லைக்குள் இருந்தது என்பதைக் கம்பியின் பக்கத்திலிருந்தே அறியலாம். உத்தரத்தின் நீளத்தில் 5 அல்லது 6 இடங்களில், குறிப்பாகத் தாங்கியின் முகத்திலிருந்து உள்நோக்கி 2 இடங்களில், இதைச் செய்தால் ஒரு வெப்ப வரைபடமே கிடைத்துவிடும். அருகில் ஓடும் பி.வி.சி. குழாய் சுமார் 80 டிகிரியிலேயே துவண்டுவிடும் என்பதால், அது நேராக இருந்தால் அந்தப் பகுதியை அமைதியாக விட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் துணைப்பொருள் எதுவும் கிடைக்காவிட்டால், கம்பியின் புறப்பரப்பையே பார்க்க வேண்டும். மணல் ஒட்டிய கம்பி என்றால் மணல் நகத்தால் சுரண்டும்போது உதிர்கிறதா என்பதும், வரித்த கம்பி என்றால் வரியின் சுற்றிழை தளர்ந்திருக்கிறதா என்பதும் ஒட்டுப்பிடிப்பின் நிலையை நேரடியாகச் சொல்லும்.

அறிகுறி: நடுவில் ஒன்றிரண்டு அகன்ற விரிசல்கள் மட்டும்

நலமான உத்தரம் சுமையேறும்போது கீழ்ப்பக்கத்தில் சிறு சிறு விரிசல்கள் ஓரளவு சம இடைவெளியில் விழும். கம்பி ஒவ்வொரு விரிசலுக்கும் இடையே கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டு விசையைத் திருப்பித் தருவதால்தான் அந்த இடைவெளி உண்டாகிறது. எனவே, தீப்பட்ட உத்தரத்தில் நெருக்கமான நுண்விரிசல்கள் இல்லாமல் நடுவில் ஒன்றோ இரண்டோ விரிசல் மட்டும் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் வாய் பிளந்து நின்றால், அந்தப் பகுதி முழுவதும் கம்பி கான்கிரீட்டை விட்டுவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டும்.

இந்த விடுபடல் எவ்வளவு சீக்கிரம் நேர்கிறது என்பதற்கு 1999-இல் கட்ஸ், பெர்மன், பேங்க் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்றும் சிறந்த சான்று. வெப்பநிலையை 20 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு ஏற்றியபோது, பல வகை எஃப்.ஆர்.பி. கம்பிகளின் ஒட்டுப்பிடிப்பு வலிமை 80 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது. அதே ஏற்றத்தில் வரித்த இரும்புக் கம்பி இழந்தது 38 சதவீதம் மட்டுமே. 250 டிகிரி என்பது தீ விபத்தில் பெரிய எண் இல்லை. தீச்சோதனை உலைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 834 தரத் தீ வளைகோட்டில் உலையின் வெப்பம் 30 நிமிடத்தில் 842 டிகிரி, 60 நிமிடத்தில் 945 டிகிரி. அந்த 60 நிமிட முடிவில் ஒரு பலகத்தின் (ஸ்லாப்) அடிப்பரப்பிலிருந்து 30 மி.மீ. ஆழத்தில் சுமார் 400 டிகிரி இருக்கும். உத்தரத்தின் மூலைக்கம்பிக்கு இரு பக்கங்களிலிருந்தும் வெப்பம் வருவதால் நிலைமை அதைவிடக் கடுமை. ஆக, ஒரு மணி நேரத் தீயில் வழக்கமான கவர் கொண்ட எந்த எஃப்.ஆர்.பி. உத்தரமும் நடுப்பகுதியில் ஒட்டுப்பிடிப்பைப் பெரும்பாலும் இழந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே ஆய்வைத் தொடங்கலாம். இனி முடிவு செய்ய வேண்டியது முடிச்சு நின்றதா என்பதே.

நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட பலகச் சோதனைகள் இதை அழகாக நிறுவின. 32 முதல் 51 மி.மீ. வரை கவர் கொண்ட கண்ணாடியிழைக் கம்பிப் பலகங்களில், தீ நேரடியாகப் படாத முனைப்பகுதியில் போதிய நங்கூர நீளம் இருந்தவை, நடுவில் ரெசின் இளகி ஒட்டு போன பிறகும் இழைகளின் தொடர்ச்சியை மட்டும் கொண்டு சுமையைத் தாங்கின. முனை நீளம் குறைந்த இடத்தில் கம்பி நழுவுவதே முடிவைத் தீர்மானித்தது, கம்பி முனையை வளைத்துவிட்டபோது அந்தக் குறை ஈடானது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நடந்து 2017-இல் வெளியான முழு அளவுப் பலகச் சோதனைகளில், 60 மி.மீ. கவரும் தீ படாத 200 மி.மீ. முனைப்பகுதியும் கொண்ட பலகங்கள் 3 மணி நேரத் தீயைத் தாங்கின. 200 மி.மீ. என்பது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அந்தச் சிறு குளிர்ந்த நீளம் ஒரு முழுப் பலகத்தையும் 3 மணி நேரம் தாங்கிப் பிடித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஆகவே நடு விரிசலைக் கண்டதும் ஏணியை முனைக்கு நகர்த்துங்கள். தாங்கியின் முகத்தில் கம்பி வரிசையை ஒட்டிப் பிளவு விரிசல் இருக்கிறதா, தீயின் கரி தாங்கிக்கு மேலே எவ்வளவு தூரம் போயிருக்கிறது, முனைச் சுவர் வெப்பத்தைத் தடுத்ததா அல்லது அங்கும் அடுத்த அறையிலிருந்து தீ வந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முனையைத் திறக்க முடிந்தால் கம்பியின் வெட்டு முகம் கான்கிரீட்டுக்குள் எத்தனை மி.மீ. உள்வாங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். கம்பியின் முனை அதன் பழைய அச்சுக்குழியிலிருந்து பின்வாங்கி ஒரு சிறு வெற்றிடம் விட்டிருந்தால் நங்கூரம் நழுவிவிட்டது, அந்த உத்தரத்தைக் காப்பாற்றுவது பற்றிய பேச்சு அங்கேயே முடிகிறது. முனை குளிர்ந்தே இருந்து, நழுவலும் இல்லை என்றால், நடுவில் எவ்வளவு பெரிய விரிசல் இருந்தாலும் உத்தரத்துக்கு இன்னும் நம்பிக்கை உண்டு.

இந்த நம்பிக்கைக்கு ஒரு விலக்கு உண்டு, அது படிவு இணைப்பு. கம்பிகளைத் தீப்பட்ட நடுப்பகுதியில் படியவிட்டு இணைத்திருந்தால், இரு முனை முடிச்சுகளும் உறுதியாக இருந்தும் பயனில்லை, ஏனென்றால் கயிறு நடுவிலேயே துண்டாகி ஒட்டுப்பிடிப்பை நம்பித்தான் தொடர்கிறது. எஃப்.ஆர்.பி. கம்பியைப் பற்றவைக்க முடியாது என்பதால் நீளமான உத்தரங்களில் படிவு இணைப்பு தவிர்க்க முடியாததாகிறது. அது நடுப்பகுதியில் விழுந்திருந்தால் உத்தரத்தை உடனடி ஆபத்துப் பட்டியலில் சேருங்கள், விரிசல் அகலம் எதுவானாலும்.

அறிகுறி: உத்தரம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்திருக்கிறது

முதலில் தீக்கு முன்பே எவ்வளவு தொய்வு இருந்தது என்று கேட்க வேண்டும். கண்ணாடியிழைக் கம்பியின் மீள்திறன் கெழு, அதாவது நீட்சியை எதிர்க்கும் விறைப்பின் அளவு, 45 முதல் 60 கிகாபாஸ்கல் வரைதான், இரும்புக்கோ 200. அதனால் அதே அளவு கம்பி இட்ட எஃப்.ஆர்.பி. உத்தரம் இயல்பிலேயே கூடுதலாகத் தொய்யும். தீப்படாத பக்கத்து உத்தரத்தின் மட்டத்தை எடுத்து ஒப்பிடாமல் தொய்வுக்குத் தீயைக் காரணமாக்குவது சரியாகாது.

ஒப்பிட்ட பிறகும் கூடுதல் தொய்வு இருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். நூல் பிடித்து 500 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக அளந்தால், வில் போல மெதுவாக வளைந்த தொய்வு பெரும்பாலும் கான்கிரீட் மென்மையானதையும் கம்பியின் விறைப்பு குறைந்ததையும் காட்டும். ஒரே விரிசலில் முறிந்தாற்போல இரு நேர்கோடுகளாக மடிந்த தொய்வு கம்பி நழுவியதைக் காட்டும். முதல் வகையில் ரெசின் வெறுமனே இளகி மீண்டும் இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. நிலைமாற்ற வெப்பநிலையைத் தாண்டியும் சிதையாத ரெசின் ஆறும்போது விறைப்பைப் பெரிதும் மீட்கிறது. 300 முதல் 400 டிகிரியை எட்டிச் சிதைந்த ரெசின் ஒருபோதும் மீளாது.

அறிகுறி: தாங்கிக்கு அருகில் சாய்ந்த விரிசல்

இதைக் கண்டால் வளையக் கம்பிகளைச் சந்தேகியுங்கள். ஸ்டிரப் என்று தளத்தில் அழைக்கும் இந்த வளையங்கள் நீளக் கம்பிக்கும் வெளியே இருப்பதால் கவர் குறைவு, வெப்பம் முதலில் எட்டுவதும் அவற்றையே. அதைவிட முக்கியமானது மூலை வளைவு. எஃப்.ஆர்.பி. வளையத்தை ஆலையிலேயே வளைத்துத்தான் செய்ய முடியும். வளைவில் இழைகள் கசங்கி நிற்பதால், அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் (ஏ.சி.ஐ.) 440 குழுவின் வாய்பாட்டின்படி வளைவு ஆரம் விட்டத்தைப் போல 3 மடங்கு இருக்கும்போது வளைவின் வலிமை நேர்ப்பகுதியின் 45 சதவீதமே. அந்த 45 சதவீதமும் ரெசினை நம்பியிருக்கிறது. நேர்க் கம்பிக்கு முடிச்சு குளிர்ந்த முனையில் இருக்கிறது. வளையத்துக்கு முடிச்சே சூடான மூலையில் இருக்கிறது. எனவே சாய்ந்த விரிசல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், ஒரு மூலையைத் திறந்து வளைவைப் பாராமல் உத்தரத்தைத் திரும்பப் பயன்பாட்டுக்கு விடக் கூடாது.

அறிகுறி: கவர் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது

இங்கே ஐயத்துக்கு இடம் குறைவு. வெளியே தெரியும் கம்பி கருகி, துடைப்பக் குச்சிகள் பிரிந்தாற்போல இழைகள் தனித்தனியாகத் தொங்கினால் ரெசின் எரிந்துவிட்டது. கண்ணாடியிழை அந்த நிலையில் சிறிது இழுவிசையைத் தாங்கும், ஆனால் அதைப் புதிய பூச்சுக்குள் மூடிப் பழைய வலுவுக்குக் கணக்கில் எடுப்பது மன்னிக்க முடியாத தவறு. அராமிட் இழை இன்னும் குறைந்த வெப்பத்திலேயே வலு இழக்கும். கார்பன் இழை காற்றில்லாத இடத்தில் மிக உயர்ந்த வெப்பத்தைத் தாங்கினாலும், காற்றுப் பட்டால் எரிந்து மெலியும். பழுப்பேறி, ஆனால் இழை பிரியாத கம்பியில் மட்டுமே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதில் பொருள் உண்டு: எரிப்பு இழப்புச் சோதனை ரெசின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும், குறு உத்தர வெட்டுச் சோதனை ரெசின் இழைகளை இன்னும் இறுகப் பிடிக்கிறதா என்பதையும் காட்டும். இழுவிசைச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் அது இழையைச் சோதிக்கிறது, கெட்டுப்போனதோ ரெசின்.

கவர் ஏன் பெயர்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஈரம் மிகுந்த அடர்ந்த கான்கிரீட்டில் நீராவி அழுத்தம் காரணமாக இருக்கலாம். கம்பி குறுக்கே விரிந்ததும் காரணமாக இருக்கலாம். 2006-இல் அப்பாசி, ஹாக் ஆகியோர் வெளியிட்ட உத்தரச் சோதனையில் இரு கண்ணாடியிழை உத்தரங்கள் முறையே 128, 94 நிமிடங்கள் தாங்கின, அவர்கள் குறைந்தது 70 மி.மீ. கவரைப் பரிந்துரைத்தார்கள், அந்தக் கவர் தீயின்போது இடத்தில் நின்றால் மட்டுமே அந்த எண்ணுக்கு மதிப்பு.

அறிகுறி: தீயே இல்லை, ஆனால் கம்பி ஓடும் வழியே நீள விரிசல்

ஆவியில் பதப்படுத்திய முன்வார்ப்பு உத்தரங்களிலும், நாள் முழுதும் வெயிலில் நிற்கும் மெல்லிய கவர் கொண்ட உறுப்புகளிலும் இதைக் காணலாம். கண்ணாடியிழைக் கம்பி நீளவாக்கில் கான்கிரீட்டைப் போலவே, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 6 முதல் 10 பங்கு விரிகிறது. குறுக்குவாக்கிலோ 21 முதல் 23 பங்கு. நீளவாக்கில் விரிவைத் தீர்மானிப்பது இழை, குறுக்குவாக்கில் தீர்மானிப்பது ரெசின் என்பதே இந்த இரட்டைக் குணத்துக்குக் காரணம். கார்பன் இழைக் கம்பியின் குறுக்கு விரிவு இதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சூடேறும் கம்பி ஆப்பு போலப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது.

கவர் கம்பி விட்டத்தைப் போல 2 மடங்குக்குக் குறையாமல் இருந்தால் 80 டிகிரி வரை இத்தகைய பிளவு நேர்வதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே விரிசலைக் கண்டால் அந்த விகிதத்தை அளந்து பாருங்கள். விகிதம் 2-க்குக் குறைவாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. போதுமானதாக இருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள், கான்கிரீட் முற்றாக இறுகும் முன்பே வெப்பம் கொடுத்தார்களா என்பதிலிருந்து. இரும்பில் கம்பி வழி விரிசல் என்றதும் துருவை நினைப்போம். இங்கே துரு கிடையாது என்பதால் விரிசல் வளராமல் நிற்கக்கூடும். மறுபுறம் அந்த விரிசல் கம்பியைச் சுற்றிய பிடியைத் தளர்த்திவிடுகிறது. முனைப்பகுதியில் இருந்தால் மூடிச் சரிசெய்யாமல் விடக் கூடாது.

அறிகுறி: வெளியே ஒட்டிய கார்பன் துணி பொங்கியிருக்கிறது

இது வேறு வகை உத்தரம்: உள்ளே இரும்புக் கம்பி, வலுக்கூட்ட வெளியே எபாக்ஸியால் ஒட்டிய கார்பன் துணி அல்லது பட்டை. தளத்திலேயே கலந்து பூசிய எபாக்ஸியின் நிலைமாற்ற வெப்பநிலை பெரும்பாலும் 60 முதல் 82 டிகிரிக்குள் அடங்கும், பயன்பாட்டு வெப்பம் அதற்கு 15 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும் என்பது ஏ.சி.ஐ. 440.2 வழிகாட்டியின் பரிந்துரை. கருப்புத் துணி நேர் வெயிலில் எவ்வளவு சூடாகும் என்பதைக் கோடையில் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாணயத்தால் தட்டி, ஒலி வெறுமையாகக் கேட்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். 1,300 சதுர மி.மீ.க்குக் குறைவான பொங்கிய இடங்கள், மொத்தப் பரப்பில் 5 சதவீதத்துக்குள்ளும் ஒரு சதுர மீட்டருக்கு 10-க்கு மிகாமலும் இருந்தால் விடலாம். 16,000 சதுர மி.மீ.க்கு மேற்பட்டதை வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு ரெசின் செலுத்தினால் போதும். தீப்பட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், துணி இல்லை என்று வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் இரும்புக் கம்பி மட்டும் சுமையைத் தாங்குமா என்று பாருங்கள்.

அறிகுறி: ஆய்வக அறிக்கையில் இரண்டு வேறு வெப்பநிலைகள்

கம்பி மாதிரியை வெப்ப அளவியல் சோதனையில் இருமுறை சூடாக்கும்போது, நிலைமாற்ற வெப்பநிலை முதல் ஓட்டத்தில் 92 டிகிரி என்றும் இரண்டாம் ஓட்டத்தில் 115 டிகிரி என்றும் வந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். ரெசின் ஆலையில் முழுவதும் இறுகாமல் வந்து, சோதனையின் சூட்டிலேயே மிச்சத்தை இறுக்கிக்கொண்டது என்பதே பெரும்பாலும் பொருள்; ஈரம் உறிஞ்சிய கம்பியும் இதுபோல முதல் ஓட்டத்தில் தாழ்ந்த எண்ணைத் தரும். உத்தரத்துக்குள் இருப்பது முதல் ஓட்டத்தின் கம்பிதான், எனவே கணக்குக்கு முதல் எண்ணையே எடுங்கள். இந்தியத் தர நிறுவனம் கண்ணாடியிழைக் கம்பிக்கென ஐ.எஸ். 18256 தரவரையறையை 2023-இல் வெளியிட்டிருப்பதால், வாங்கும்போதே ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வைப்பது இனிக் கடினமில்லை.

சுமைச் சோதனையும் அதன் பின்னும்

முனைகள் நின்றன, வளையங்கள் நின்றன, படிவு இணைப்பு சூட்டில் இல்லை என்று உறுதியான உத்தரத்துக்கு மட்டுமே சுமைச் சோதனை. இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456:2000 சொல்வது போல, தன்னெடையோடு பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் வைத்து, நீக்கியபின் 75 சதவீதத் தொய்வு மீள்கிறதா என்று பார்க்கும் முறை இரும்பு உத்தரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எஃப்.ஆர்.பி. கம்பி அறுபடும் வரை சுமைக்கு நேர்விகிதத்தில் நீளும் பொருள். அது இரும்பைப் போல இழுபட்டு எச்சரிக்காது, தொய்வை நன்றாக மீட்டுக்கொண்டே முறிவின் விளிம்பில் நிற்கவும் கூடும். ஆகவே தொய்வு மீட்சியோடு, முனைகளில் கம்பி நழுவலை அளக்கும் டயல் கேஜ் இரு பக்கமும் இருக்க வேண்டும். சுமையை 4 அல்லது 5 படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நழுவல் நின்றுவிட்டதா என்று பாருங்கள். சுமை மாறாமல் இருக்கையில் நழுவல் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்தப் படியிலேயே சோதனையை நிறுத்தி இறக்கிவிடுங்கள். நிலைச்சுமையில் கண்ணாடியிழைக் கம்பியின் இழுதகைவை (ஓரலகுப் பரப்பில் விழும் இழுவிசையை) அதன் உச்ச வலிமையின் 30 சதவீதத்துக்குள் அடக்கும் ஏ.சி.ஐ. 440.11-இன் 2022 வரம்பு நலமான கம்பிக்கு உரியது. சூடுபட்ட கம்பிக்கு அந்த முழு 30 சதவீதத்தையும் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.

தேறிய உத்தரத்துக்குக் காப்புப் பூச்சு பூசப் பணம் குறைவாக இருந்தால், வெர்மிகுலைட் பூச்சையோ ஜிப்சம் பலகையையோ உத்தரம் முழுதும் மெல்லியதாகப் பரப்ப வேண்டாம். தாங்கியின் முகத்திலிருந்து நங்கூர நீளம் முழுவதற்கும், படிவு இணைப்பு உள்ள இடங்களுக்கும், வளையங்கள் நெருங்கிய முனைப்பகுதிக்கும் உரிய கனத்தில் முதலில் பூசி முடியுங்கள். நடுப்பகுதிக்கு மிஞ்சியதைக் கொண்டு போங்கள்.